இருபத்தோராவது வளைவு

கேள்வி: 9, 10 வயதுப் பிள்ளைகளுக்காக ஏற்காட்டை வைத்துப் பேய்க் கதை ஒன்று எழுதினேன். பழைய பங்களா, தலையில்லாத துரை, சுவரெல்லாம் ரத்தம். வாசித்துக் காட்டினால் 10 வயது மகன் கொட்டாவி விடுகிறான்; 6 வயது மகள் ராத்திரி தூங்க மறுக்கிறாள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் ரத்தத்தை எடுத்துவிடுங்கள். பெரியவனுக்கு அது பழகிப்போன சமாச்சாரம், சின்னவளுக்குத் தாங்காது. நன்றாகத் தெரிந்த இடத்தில் ஒன்றே ஒன்று தப்பாக இருந்தால் போதும், பிள்ளைகள் தானாக நெருங்கி வந்து உட்காருவார்கள்.

பங்களாவைவிட நல்ல சரக்கு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போகிற பிள்ளைகள் எண்ணிக்கொண்டே போவார்கள். உங்கள் கதையிலும் ஒருத்தி எண்ணட்டும். கடைசி பஸ், வெளியே பனிமூட்டம். 18, 19, 20. பஸ் இன்னொரு தடவை திரும்புகிறது. பலகையில் 21. அப்பா நல்ல தூக்கம். கண்டக்டர் மட்டும் திரும்பிப் பார்த்து, "நீயும் எண்ணிட்டியா பாப்பா?" என்கிறார்.

அவர் யார் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஒன்றிரண்டு பக்கமாவது இழுங்கள். பனியில் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் ஆள் நிற்பது போலவே தெரியும், அதை எழுதுங்கள். 'பயங்கரமான', 'திகிலூட்டும்' எல்லாவற்றையும் அடித்துவிடலாம்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கதையில் பயப்படுகிற பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். துரை வந்ததும் அலறி ஓடுவது மட்டுமே அவர்கள் வேலை என்றால், கேட்கிற குழந்தைக்கும் பயத்தைத் தவிரக் கையில் எதுவும் மிஞ்சாது. பஸ்ஸில் எண்ணியவள் தானே யோசித்து, 21லிருந்து கீழ்நோக்கி எண்ணட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பனி கொஞ்சம் விலகட்டும். பெரியவர் யாரும் வந்து காப்பாற்ற வேண்டாம்.

சிரிப்பும் அந்த நேரத்திலேயே வரவேண்டும். அக்கா எண்ணும்போது கூட எண்ண வேண்டிய தம்பி, பயத்தில் தட்டுவடை செட்டை முழுசாக வாயில் திணித்துக்கொண்டு "ம்ம்ம்" என்கிறான். 14 எது, 13 எது என்று அவளுக்குப் புரியவில்லை. இங்கே பிள்ளைகள் சிரிப்பார்கள், பயமும் விடாது.

சரி, திருத்தியதை மாலை வெளிச்சத்தில் சத்தமாக வாசியுங்கள். மகன் எங்கே நெளிகிறானோ அங்கே வெட்டுங்கள். மகளிடம் மட்டும், பாப்பா பத்திரமாக வீடு வந்துவிடுவாள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்தாலும் அந்த வயதில் கதை கேட்பார்கள்.