சின்ன உப்புநீர்த் தொட்டியில் பச்சை முடிப்பாசி திரும்பத் திரும்ப வருவது ஏன்?

திருகோணமலையில் 40 லீட்டர் தொட்டி வைத்திருப்பவர், பாசியைப் பிடுங்கிய இரண்டாம் வாரமே மறுபடி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிடுங்குவது சரிதான். ஆனால் அதற்குச் சாப்பாடு போய்க்கொண்டே இருக்கிறதே! நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் அந்தச் சாப்பாடு.

முதல் சந்தேகம், ஆவியாகிக் குறையும் தண்ணீரை எதனால் நிரப்புகிறீர்கள் என்பதில். நம் வெயிலுக்குத் தினமும் குறையும். ஆவியாவது வெறும் தண்ணீர். உப்பும் மற்றதெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். அங்கே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உரம் போட்ட மாதிரி. நானும் ஆறு மாதம் அதைத்தான் செய்தேன். ஆர்ஓ தண்ணீருக்கு (சவ்வு வடிகட்டியில் கரைந்த உப்புகளை நீக்கிய தண்ணீர்) மாறுங்கள்.

கடல்நீரை நேரடியாக எடுப்பவரானால், துறைமுகப் பக்கமோ கொட்டியாரக் குடாவோ வேண்டாம். அங்கே மகாவலி ஆறு கலக்கிறது. நிலாவெளிப் பக்கம் எடுக்கலாம், ஆனால் மாரி மழைக்குப் பிறகு சில நாள் பொறுங்கள். ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவில் இருக்கிறதா என்று பார்த்தே ஊற்றுங்கள்.

அப்புறம், தீனியைப் பாதியாக்குங்கள். விளக்கு எட்டு மணி நேரம் போதும். வாரம் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றும்போது, கல்லைப் பழைய பல்தூரிகையால் தேய்த்து, உதிர்ந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். பாசி தின்னும் நத்தை இரண்டு விடலாம், கடையில் வாங்கி. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

சிவப்பாக வழுவழுவென்று படிந்தால் அது பாசியல்ல, சயனோபாக்டீரியா என்ற ஒரு வகை பாக்டீரியா. அதற்கு முதலில் நீரோட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்.