பூசணிக்காயில் சத்து இருக்கிறதா? விதையை எறிந்துவிடலாமா?

விதையை எறியாதீர்கள். சதையை விட அதில்தான் சத்து செறிந்திருக்கிறது.

வெள்ளவத்தைச் சந்தையில் கீற்றாக வெட்டி விற்கும் மஞ்சள் பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். 100 கிராமில் 26 கலோரிதான் வரும். அந்தச் செம்மஞ்சள் நிறம் பீட்டா கரோட்டினுடையது. உடல் அதை விற்றமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது தேவை. கொழுப்போடு சேர்ந்தால்தான் கரோட்டின் நன்றாக உறிஞ்சப்படும். ஆகவே தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் நம் வீட்டுப் பூசணிக்கறி மிகச் சரியான சமையல். வெறுமனே அவித்துச் சாப்பிட்டு நாக்கை வதைக்கத் தேவையில்லை.

விதைக்கு வருவோம். தோல் நீக்கிய பருப்பு ஒரு சிறங்கை, ஏறத்தாழ 30 கிராம், எடுத்தால் 9 கிராம் புரதம் கிடைக்கும். மக்னீசியம் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடும். துத்தநாகமும் இரும்பும் உண்டு. தேசிக்காய்ப் புளி சேர்ந்த உணவோடு உண்டால் இரும்பு கூடுதலாக உடலில் சேரும். நாரைக் கழுவி நீக்கி, நன்றாகக் காயவைத்து, தாச்சியில் இளஞ்சூட்டில் வறுங்கள். வெடித்து மணம் வந்ததும் இறக்கிவிடுங்கள். உப்பு வேண்டாம், முக்கியமாகக் குருதி அமுக்கம் உள்ளவர்களுக்கு. 100 கிராம் விதைப்பருப்பில் 550 கலோரிக்கு மேல் இருப்பதால் சிறங்கையோடு நிறுத்துங்கள்.

நீரிழிவு உள்ளவர்களும் பூசணியை அளவாகச் சாப்பிடலாம், சீனி போட்டுக் கிண்டும் அல்வாவாக அல்ல. சிறுநீரக நோயாளர் மட்டும் பொட்டாசியம் பற்றி வைத்தியரிடம் கேட்டபின் உண்ண வேண்டும்.