தோள் வலிக்குதா, முதல்ல மருந்தளவைப் பாருங்க: மஸில்லோடர் உதை பத்தி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 50 காலிபர் (அரை இஞ்ச் குழல்) பெர்கஷன் மஸில்லோடர் வெச்சிருக்கேன், அதாவது குழல் வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டு, கேப்ங்கிற சின்ன வெடிமூடி வெச்சு சுடுற துப்பாக்கி, மான் வேட்டைக்கு. 100 கிரெயின் கருமருந்து, 370 கிரெயின் கூம்பு குண்டு, இதான் என்னோட லோடு. அஞ்சாறு வெடிக்கு மேல தோள் தாங்க மாட்டேங்குது, மறுநாள் கன்னிப் போயிடுது. நல்ல ரப்பர் பேட் ஒண்ணு மாட்டினா சரியாயிடுமா?

பதில்: பேட் மாட்டலாம், தப்பே இல்ல, ஆனா அது கடைசியா பாக்க வேண்டிய வேலை. பிரச்சனை நீங்க எழுதியிருக்குற ரெண்டு நம்பர்லயே இருக்கு. 370 கிரெயின்னா கிட்டத்தட்ட 24 கிராம் ஈயம். அதை ஆறரை கிராம் மருந்து முன்னாடி தள்ளுது, அந்தத் தள்ளல் அப்படியே பின்னாடி உங்க தோளுக்கு வருது. இதுல நிறைய பேர் விட்டுடுற விஷயம், மருந்தோட எடையும் அந்தக் கணக்குல சேரும். குண்டு வெளிய போன கையோட புகையும் வாயுவும் அதை விட வேகமா குழல் வாய் வழியா பாயுது இல்லையா, அதுவும் சேர்ந்து தான் துப்பாக்கியப் பின்னாடி தள்ளுது. மஸில்லோடர்ல குண்டு எடையோட ஒப்பிட்டா மருந்து ரொம்ப அதிகம், அதனால மருந்தக் குறைச்சா பலன் தோள்ல உடனே தெரியும்.

ஒரு தோராயக் கணக்கு சொல்றேன். 3.6 கிலோ துப்பாக்கின்னு வெச்சுக்குங்க. உங்க லோடுக்குப் பதிலா துணி சுத்தின உருண்டை குண்டு, அதாவது 0.490 இஞ்ச் ஈய உருண்டை, சுமார் 177 கிரெயின், அதை 70 கிரெயின் மருந்துல சுட்டா உதையோட சக்தி பாதிக்கும் கீழ வந்துடும். எந்த பேட் போட்டாலும் இந்த அளவு குறையாது, ஏன்னா பேட் உதையக் குறைக்கிறதே இல்ல, வர்ற உதையக் கொஞ்சம் பரப்பி, கொஞ்சம் மெதுவாக்கிக் கொடுக்குது, அவ்ளோதான்.

மருந்தக் குறைச்சா வேட்டைக்கு பலம் பத்தாதேன்னு அடுத்து கேப்பீங்க. உருண்டை குண்டுல 100 கிரெயின்ல இருந்து 70க்கு வந்தா வேகம் தோராயமா பத்துல ஒரு பங்கு தான் குறையும், உதை மூணுல ஒரு பங்கு பக்கம் குறையும். அதோட உருண்டை குண்டு காத்துல ரொம்ப சீக்கிரம் வேகத்தை இழக்கும், 100 கஜம் போறதுக்குள்ள மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும், எவ்வளவு வேகமா கிளம்புதோ அவ்வளவு அதிகமா இழக்கும். அதனால குழல் வாயில நீங்க கஷ்டப்பட்டு வாங்குன அந்த அதிக வேகம் மான் நிக்கிற இடத்துக்குப் போறப்ப பெருசா மிச்சம் இருக்காது, தோள் வலி மட்டும் முழுசா மிச்சம். என் அபிப்பிராயம், கிட்டப் போய் 70ல சரியான இடத்துல அடிக்கிறவன் தான், தூரத்துல நின்னு 100ல கண்ண மூடிட்டு அடிக்கிறவனை விட நல்ல வேட்டைக்காரன். மிருகத்துக்கும் அதான் நல்லது. ஆனா சில இடங்கள்ல வேட்டை விதியில குறைஞ்சபட்ச காலிபர், குண்டு வகை எல்லாம் சொல்லியிருப்பாங்க, அதைப் பாத்துட்டு மாத்துங்க.

உங்க குழலோட ட்விஸ்ட் என்னன்னும், அதாவது குழலுக்குள்ள வெட்டின வரிப்பள்ளம் எத்தனை இஞ்சுக்கு ஒரு சுத்து சுத்துதுன்னும் பாத்துக்குங்க. 48 இஞ்சுக்கு ஒரு சுத்துன்னா உருண்டையும் ஓடும் கூம்பும் ஓடும். 28 இஞ்சுக்கு ஒரு சுத்துன்னா அது கூம்பு குண்டுக்கும் சேபட்டுக்கும் (பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு) செஞ்ச குழல், உருண்டை அதுல சரியா நிக்காம போகலாம், அப்ப 240, 250 கிரெயின் பக்கம் ஒரு லேசான குண்டுக்கு மாறுங்க. எதுக்கு மாறினாலும் துப்பாக்கி செஞ்சவங்க கொடுத்த புத்தகத்துல இருக்குற அளவுக்குள்ள தான், பத்து கிரெயின் பத்து கிரெயினா இறக்கி, ஒவ்வொரு அளவுலயும் அட்டையில அஞ்சு வெடி வெச்சுப் பாருங்க. பெரும்பாலும் உங்க குழலுக்குப் பிடிச்ச அளவு நீங்க நினைச்சதை விட கீழ தான் இருக்கும்.

இப்ப சொல்றத தயவு செஞ்சு ரெண்டு தடவை படிங்க. உங்க ராம்ராட்ல (குண்டைக் குழலுக்குள்ள தள்ளுற கம்பி) 100 கிரெயின் லோடுக்கு ஒரு கோடு போட்டு வெச்சிருப்பீங்க, குண்டு முழுசா இறங்கிடுச்சான்னு பாக்குறதுக்கு. மருந்தைக் குறைச்சா அந்தக் கோடு செல்லாது. 70 கிரெயின் மருந்து குழலுக்குள்ள கம்மி உயரம் தான் நிக்கும், குண்டு இன்னும் கீழ போகணும், ராட் இன்னும் உள்ள இறங்கணும். பழைய கோடு குழல் வாய்க்கு வந்துடுச்சுன்னு அங்கயே நிறுத்திட்டீங்கன்னா மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல காத்து இடைவெளி நின்னுடும், அந்த நிலையில சுட்டா குழல் உப்பலாம், வெடிக்கக்கூட செய்யலாம். அதனால புது லோடுக்கு புதுக் கோடு போடுங்க, பழைய கோட்டை சுரண்டி எடுத்துடுங்க, காலி குழலுக்கும் ஒரு கோடு போட்டுக்குங்க. குண்டு மருந்து மேல கெட்டியா உக்காந்ததைக் கையில உணர்ந்து, கோட்டையும் பாத்த பிறகு தான் கேப் வெக்கணும்.

இன்னொண்ணு, உதை கம்மியாகும்னு யாராவது ஸ்மோக்லெஸ் பவுடர் (இன்னைக்குத் தோட்டாவுல வர்ற புகையில்லா மருந்து) கொஞ்சமா போடச் சொன்னா அந்தப் பேச்சை அங்கயே விட்டுடுங்க. கருமருந்துக்குன்னு செஞ்ச குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காது, கையும் கண்ணும் போயிடும். பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்து போடலாம், அதைத் தராசுல நிறுக்காம அளவுக் குழாய்ல கொள்ளளவா அளக்கணும். அதே கொள்ளளவுக்கு அது கருமருந்தை விட எடை கம்மி. டிரிபிள் செவன் போடுறீங்கன்னா அது வீரியம் கூட, அளவை சுமார் 15 சதவீதம் குறைக்கணும். மாத்திரையா வர்ற 50 கிரெயின் பெல்லட் மூணு போடுறவங்க ரெண்டாக்குங்க, பெல்லட்டை உடைச்சோ நசுக்கியோ மட்டும் போடாதீங்க.

துப்பாக்கி எடையும் பெரிய விஷயம். அதே லோடுக்கு 3 கிலோ துப்பாக்கி 4 கிலோ ஆனா உதை சக்தி கால் பங்கு குறையும். பழைய ஹாக்கன் ரைஃபிள் எல்லாம் நாலரை கிலோவுக்கு மேல கூட இருக்கும், தூக்க சிரமம், சுட சுகம். கட்டைக்குள்ள (தோள்ல வெக்கிற மரப்பகுதி) ஈயம் வெச்சு எடை ஏத்துறவங்க இருக்காங்க, அதைத் தெரிஞ்ச கன்ஸ்மித் கிட்ட கொடுத்து செய்ங்க, இல்லன்னா பேலன்ஸ் பின்னாடி போயிடும்.

பேட் மாட்டுறப்ப ஒண்ணு கவனிங்க. கட்டை நீளம் கூடிடும், குளிருக்கு கனமான கோட் வேற போட்டிருந்தா கட்டை அக்குள்ல மாட்டும், அவசரத்துல தோள்ல சரியா உக்காராது. கட்டை தோள்ல சரியா உக்காராம சுட்டா தான் உண்மையான அடி விழும்.

கேள்வி: என்னோடது பழைய பாணி கென்டக்கி வகை, கட்டையோட பின்பக்கம் பிறை மாதிரி வளைஞ்ச பித்தளைத் தகடு. லோடு 60 கிரெயின் தான், ஆனாலும் அந்தத் தகட்டு முனை குத்திக் கிழிக்குது.

பதில்: லோடு சரி, பிடிக்கிற இடம் தான் தப்புன்னு நினைக்கிறேன். அந்த வளைவு தோள் குழியில வெக்கிறதுக்கு செஞ்சதே இல்ல. இன்னைக்கு ரைஃபிள், ஷாட்கன் பிடிக்கிற மாதிரி நெஞ்சுக்குப் பக்கத்துல குழியில வெச்சீங்கன்னா மேல் முனை ஒரு எலும்பையும் கீழ் முனை சதையையும் குத்தும், 40 கிரெயின் போட்டாலும் வலிக்கும். குறிக்கு நேரா நெஞ்சைக் காட்டாம நல்லா பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க, சுடுற கையோட முழங்கையை ஏறக்குறைய தோள் உயரத்துக்குத் தூக்குங்க, இப்ப தோள் மூட்டுக்கு வெளிப்பக்கம் மேல்கை சதையில ஒரு வளைவு வரும், தகடு அதைக் கவ்விப் பிடிச்ச மாதிரி உக்காரும். முதல்ல காலித் துப்பாக்கியோட வீட்டுலயே பழகுங்க. தலையக் குனிஞ்சு கட்டைக்குப் போகாதீங்க, கட்டை கன்னத்துக்கு வரட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, இந்தப் பிடி நின்னு சுடுறதுக்கு மட்டும் தான். பெஞ்ச்ல, அதாவது துப்பாக்கிய மேசை மேல வெச்சு சுடுறப்ப, குனிஞ்சு உக்காந்தா தகடு தானா தோள் குழிக்கு வந்துடும், அங்க ஒரு தடிமனான தோள் பேட் போட்டுக்காம சுடாதீங்க.

கேள்வி: ஃபிளின்ட்லாக்ல (கல்லு உரசுற தீப்பொறியால வெடிக்கிற துப்பாக்கி) வெளித்தட்டுல இருக்குற மருந்து தீப்பிடிச்சு, குழல் வெடிக்கிறதுக்குள்ள என் தலை திரும்பிடுதாம், கூட வந்தவர் சொன்னார். வலி எல்லாம் இல்ல. இதுவும் உதையால தானா?

பதில்: உதை மேல இருக்குற பயத்தால. சத்தமும் முகத்துக்கு பக்கத்துல வர்ற பளிச்சும் சேர்ந்து உடம்பு முன்னாடியே பதறுது. எல்லாத் துப்பாக்கியிலயும் இது நடக்கும், ஃபிளின்ட்லாக்ல அந்தச் சின்ன தாமதத்தால அப்பட்டமா வெளிய தெரியுது. உங்க நண்பர் சொன்னது நல்லதாப் போச்சு, நிறைய பேர் வருஷக்கணக்கா குறி தப்புறதுக்கு சைட்டைத் திருகிட்டே இருப்பாங்க.

காதுக்கு ப்ளக்கும் மேல மஃப்பும் ரெண்டும் போடுங்க, கண்ணாடி கண்டிப்பா போடுங்க. சத்தம் குறைஞ்சாலே உதை பாதி ஆன மாதிரி மனசுக்குத் தோணும். அப்புறம் ராம்ராடை விட்டு குழல் காலின்னு உறுதி பண்ணிட்டு, ஃபிளின்ட் கல்லு இருக்குற இடத்துல அதே அளவுக்கு சீவின மரத்துண்டு வெச்சு தினமும் கொஞ்ச நேரம் டிரிகர் இழுத்துப் பழகுங்க. சுத்தி விழுந்த பிறகும் முன் சைட் குறி மேலயே இருக்கணும், அது இருக்கான்னு பாக்குறது தான் முழுப் பயிற்சி. ரேஞ்சுக்குப் போனா குறைஞ்ச லோடுல ஆரம்பிங்க, களைச்சுப் போறதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. தட்டு மருந்து மட்டும் தீப்பிடிச்சு குழல் வெடிக்கலன்னா துப்பாக்கிய இறக்காதீங்க, ஒரு நிமிஷமாவது குழல் குறி பக்கமே நிக்கட்டும், தாமதமா வெடிக்கலாம்.

கேள்வி: பெஞ்ச்ல ஸ்கோப் ஜீரோ பண்றப்ப, அதாவது ஸ்கோப்பைக் குறிக்கு நேராக்குறப்ப மட்டும் உதை தாங்கல. துப்பாக்கியப் பிடிச்சு வெக்கிற, ஈய மூட்டை ஏத்துற ஸ்லெட் (தாங்கி) வாங்கலாமா?

பதில்: நின்னு சுட்டா உடம்பு உதையோட சேர்ந்து பின்னாடி போகும், பெஞ்ச்ல குனிஞ்சு உக்காந்தா போக வழியில்ல, அதான் வித்தியாசம். முதல்ல பெஞ்ச் உயரத்தை ஏத்தி நிமிர்ந்து உக்காருங்க. ஸ்லெட்ல முழு எடையும் ஏத்தி துப்பாக்கிய அசையவே விடாம கட்டிப் போட்டீங்கன்னா அந்த அடி எல்லாம் கட்டை தான் வாங்கும், கை பிடிக்கிற ஒல்லியான இடத்துல விரிசல் விட்ட கட்டைகள் உண்டு. கொஞ்சம் எடை மட்டும் வெச்சு நகர விடுங்க. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் 9, 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும், பெஞ்ச்ல தலை தானா முன்னாடி ஊர்ந்து போகும், புருவம் கிழிஞ்சவங்க பெரும்பாலும் அங்க தான் கிழிச்சுக்கிட்டாங்க.