பம்கின் பை நடுவில் இறுகாதது ஏன்? காபியில் விழுது படிவது ஏன்?

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹாலோவீனுக்கு வாசலில் வைக்க மூன்று பெரிய பூசணிக்காய்கள் வாங்கினோம். செதுக்காமல் மீந்த ஒன்றைக் குக்கரில் வேகவைத்து அரைத்து, தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஒத்திகையாகப் பம்கின் பை (மாவுத்தட்டில் பூசணி விழுதுக் கலவையை ஊற்றிச் சுடும் அமெரிக்க இனிப்பு) செய்து பார்த்தேன். நடுப்பகுதி இறுகவே இல்லை, அடிமாவு ஊறிப்போயிற்று, வாயில் வைத்தால் சுரைக்காய் தின்றதுபோல் இருந்தது. அதே விழுதையும் பட்டைத்தூளையும் காபியில் கலந்தால், கோப்பையின் அடியில் சேறாகப் படிகிறது. கடைகளில் கிடைக்கும் சுவையை வீட்டில் கொண்டுவர முடியுமா? மாமியார் முட்டை சாப்பிடமாட்டார். விழுது இன்னும் நிறைய மீதி இருக்கிறது. அதை என்ன செய்வது?"

நிச்சயம் முடியும். உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஏதும் இல்லை. தேர்ந்தெடுத்த காயும், அதில் தங்கிவிட்ட நீரும்தான் காரணம். இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கடைவாசல்களில் குவித்து வைக்கப்படும் பெரிய ஆரஞ்சு நிறக் காய்கள் செதுக்குவதற்கென்றே வளர்க்கப்படுபவை. குடைய எளிதாகவும், குடைந்த பின் உருக்குலையாமல் நிற்பதாகவும் இருக்க வேண்டும் என்பதே அவற்றுக்கான தகுதி என்பதால், அவற்றின் சதையில் நாரும் நீரும் மிகுந்தும் இனிப்புக் குறைந்தும் இருக்கும். சுரைக்காய் என்று நீங்கள் சொன்னது மிகையான ஒப்பீடு அன்று.

டப்பாவில் விற்கும் பூசணி விழுதுக்குப் பெயர்பெற்ற லிப்பீஸ் நிறுவனம், இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் என்னும் ஊரில் உள்ள ஆலையில் டிக்கின்சன் என்ற இரகத்தைப் பயன்படுத்துகிறது. அந்தக் காயை நேரில் பார்த்தால் பூசணி என்றே பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பட்டர்நட் என்னும் பூசணி வகையைப் போல வெளிர்பழுப்புத் தோலும் நீண்ட உடலும் கொண்டது அது. தாவரவியலில் அதன் இனம் குக்குர்பிட்டா மொஸ்காட்டா. நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும், கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்று அழைக்கப்படும் பரங்கிக்காயும் பெரும்பாலும் இதே இனம்தான். வாசலில் வைக்கும் காயோ குக்குர்பிட்டா பெப்போ என்னும் வேறு இனம். ஆகவே உங்கள் ஊர் இந்தியக் கடையில் வெட்டி வைத்திருக்கும் பரங்கிக் கீற்று, நீங்கள் வாங்கிய பெரிய உருண்டையைவிட அமெரிக்கர்களின் பைக்கு நெருக்கமானது. அது கிடைக்காவிட்டால் பட்டர்நட் வாங்கலாம். ஜப்பானிய, கொரியக் கடைகளில் கிடைக்கும் கபோச்சா மாவுத்தன்மை மிகுந்தது. அதற்குச் சில சமயம் பால் சேர்த்துத்தான் தளர்த்த வேண்டியிருக்கும். சுகர் பை என்ற பெயரில் வரும் சிறிய உருண்டைக் காயும் மோசமில்லை. எந்தக் காயானாலும் வெந்த துண்டு ஒன்றை முதலில் சுவைத்துப் பாருங்கள். கசந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருளால் வருவது, சமைத்தாலும் போகாது.

இனி நீரை வெளியேற்றும் வேலை. குக்கரை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏற்கெனவே நீர் மிகுந்த காயை ஆவியில் நனைத்து எடுப்பது நம் நோக்கத்துக்கு எதிரானது. காயை இரண்டாக வெட்டி, விதையை வழித்தெடுத்து, வெட்டுப்பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து வைத்து, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில், 45 முதல் 60 நிமிடம் ஓவனில் சுட வேண்டும். கத்தி தடையின்றி இறங்கியதும் எடுத்து, ஆறவைத்து, சதையை மட்டும் வழித்து மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரையுங்கள். பின்பு வடிகட்டியில் வெள்ளைத் துணி விரித்து, விழுதை அதில் கொட்டி, இரண்டு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் மஞ்சள் நீர் கணிசமாகச் சேர்ந்திருக்கும். அதைக் கொட்டிவிடாமல் சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

இதோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. வடித்த விழுதை அடிகனமான வாணலியில் போட்டு, நடுத்தர தீயில் பத்துப் பதினைந்து நிமிடம், அல்வா கிளறுவதுபோல் அடிபிடிக்காமல் கிளற வேண்டும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் வாணலியின் அடி சில நொடிகள் தெரிய வேண்டும், அதுவே பதம். பச்சை வாடை அடங்கி, வேர்க்கடலை வறுபடும்போது எழுவதைப் போன்ற மெல்லிய இனிப்பு மணம் வரும். நிறமும் வெளிர்மஞ்சளிலிருந்து செம்மஞ்சளாக அடர்ந்திருக்கும். சமையல் குறிப்புகளில் வரும் ஒரு டப்பா விழுது என்பது 15 அவுன்ஸ், ஏறத்தாழ 425 கிராம். வற்றிய பிறகு எடை போட்டு அந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவையே வாங்குவதாக இருந்தால், பம்கின் பை ஃபில்லிங் என்று அச்சிட்டிருப்பதை விட்டுவிடுங்கள். அதில் சர்க்கரையும் மசாலாவும் முன்பே சேர்க்கப்பட்டிருக்கும்.

சுவையைப் பொறுத்தவரை, கடையில் பூசணிச் சுவை என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி மசாலாவின் மணமே. மெக்கார்மிக் நிறுவனம் பம்கின் பை ஸ்பைஸ் என்ற பெயரில் கலவையை 1934-இல் விற்கத் தொடங்கியது. 2003-இல் ஸ்டார்பக்ஸ் காபிக்கடை நிறுவனம் அறிமுகப்படுத்திய பம்கின் ஸ்பைஸ் லாட்டே என்னும் புகழ்பெற்ற காபியில் தொடக்கத்தில் பூசணியே கிடையாது; 2015-இல்தான் விழுது சேர்க்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் மக்கள் பூசணி என்று நம்பிக் குடித்தது பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு ஆகியவற்றின் மணத்தைத்தான். பூசணி தருவது கெட்டித்தன்மையையும் நிறத்தையும் மெல்லிய இனிப்பையும் மட்டுமே.

வீட்டுக் கலவைக்கு, பட்டைத்தூள் நான்கு தேக்கரண்டி, சுக்குத்தூள் இரண்டு தேக்கரண்டி, அப்போதே துருவிய ஜாதிக்காய்த்தூள் ஒரு தேக்கரண்டி, கிராம்புத்தூள் அரைத் தேக்கரண்டி என்பது நான் கடைப்பிடிக்கும் விகிதம். கிராம்பை மட்டும் கைக்கணக்கில் போடாதீர்கள். ஒருமுறை நான் முழுத் தேக்கரண்டி போட்டுச் செய்த பையைச் சாப்பிட்டவர்களுக்கு, பல் மருத்துவரிடம் போய்வந்ததுபோல் நாக்கு மரத்துப்போனது. ஜாதிக்காயும் அளவுக்கு மீறினால் உடலுக்குக் கெடுதல். ஏலக்காய் சேர்க்க நம் கை தானாகவே போகும். சேர்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பாயசத்தின் மணம் வந்துவிடும். நீங்கள் கேட்ட அந்தச் சுவை வராது.

முட்டை சேர்த்த பைக்கு 425 கிராம் விழுது, இரண்டு முட்டை, 12 அவுன்ஸ் எவாப்பரேட்டட் மில்க், 150 கிராம் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி மசாலா, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். எவாப்பரேட்டட் மில்க் என்பது சர்க்கரை சேர்க்காமல் வற்றவைத்த பால். பக்கத்திலேயே அதே அளவு டப்பாவில் இருக்கும் கண்டென்ஸ்டு மில்க்கை எடுத்துவந்து ஏமாந்தவர்கள் ஏராளம். மாவுத்தட்டை உள்ளே கொண்டைக்கடலையால் பாரம் வைத்து முதலில் பதினைந்து நிமிடம் தனியாகச் சுட்டுக்கொண்டால் அடி ஊறாது. கலவையை ஊற்றியபின் 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பதினைந்து நிமிடமும், பிறகு 350-க்குக் குறைத்து நாற்பது, ஐம்பது நிமிடமும் வைக்கலாம். விளிம்பு இறுகி, நடுவில் இரண்டு அங்குல வட்டம் மட்டும் லேசாகத் தளும்பும் நிலையில் வெளியே எடுத்துவிட வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 175 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும். அதற்கு மேல் விட்டால் முட்டைப் புரதம் சுருங்கி, பிடித்துவைத்த நீரைப் பிழிந்து தள்ளும். பையின் மேல் வெடிப்பு விழுவதும் நீர் கோத்துக்கொள்வதும் அதனால்தான்.

உங்கள் மாமியாருக்கான பையில் முட்டையின் வேலையைச் சோள மாவு செய்யும். அதே அளவு விழுதுக்கு 300 மில்லி கெட்டியான தேங்காய்ப்பால், நான்கு மேசைக்கரண்டி சோள மாவு, 150 கிராம் பழுப்புச் சர்க்கரை, மசாலா, உப்பு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் அடித்து ஊற்றி, 350 டிகிரியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுட வேண்டும். முட்டைக்குச் சொன்ன கணக்கு இங்கே செல்லாது. மாவு முழுதும் வேக வேண்டுமாதலால் விளிம்பில் குமிழ் கொப்பளிக்கும்வரை பொறுத்திருங்கள். சூடாக இருக்கும்போது வெட்டினால் கூழாகத்தான் ஓடும். ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்தால்தான் துண்டு நிற்கும். எனவே வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இதைப் புதன்கிழமையே செய்துவிடுவது உத்தமம். எந்தப் பையையும் சுட்டு ஆறியபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் இருக்கும்.

அடுத்து காபி. கோப்பையின் அடியில் சேறாகப் படிவதற்குக் காரணம் விழுது மட்டுமன்று. பட்டைத்தூள் நீரில் கரையாது. அது ஊறி, வழவழப்பான கூழாகி, பூசணி நாரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே ஓவனில் சுடும் பண்டங்களுக்குத் தூள், பானங்களுக்கு முழு மசாலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், இரண்டு பட்டைக்குச்சி, நான்கு கிராம்பு, இரண்டு அங்குல இஞ்சி வில்லைகளாக நறுக்கியது, கால் ஜாதிக்காய் தட்டியது, மூன்று மேசைக்கரண்டி வற்றிய விழுது ஆகியவற்றைச் சிறுதீயில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அப்படியே மூடி ஆறவைத்து, துணியில் வடிகட்டிப் புட்டியில் ஊற்றுங்கள். கம்பிப் பதம் வர வேண்டியதில்லை; தேனைவிடத் தளர்வாக இருந்தால் சரி. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். விழுது சேர்ந்த பாகு வெறும் சர்க்கரைப் பாகைவிட விரைவில் கெடும் என்பதை நினைவில் வையுங்கள். சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் போடலாமா என்ற கேள்வி வரும். பாயசத்தில் கொதிக்கும் பாலோடு வெல்லம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே விபத்து இங்கேயும் நேரலாம், அதனால் நான் தவிர்ப்பேன்.

ஒரு கோப்பைக்குக் கெட்டியான டிகாஷன் 60 மில்லி, நுரை பொங்க ஆற்றிய பால் 130 மில்லி, பாகு ஒன்றரை மேசைக்கரண்டி என்ற கணக்கு எனக்குப் பிடித்தது. சிக்கரி கலக்காத தூளாக இருந்தால் மசாலாவின் மணம் தெளிவாக எழும். முதலில் பாகையும் டிகாஷனையும் கலந்து, அதன்மேல் பாலை ஊற்றி, கடைசியாக ஜாதிக்காயை மேலாக ஒருமுறை துருவிவிடுங்கள். இதே பாகு தேநீருக்கும், குளிர்ந்த பாலில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கும் பொருந்தும்.

சேமிப்பில் ஒரே ஓர் எச்சரிக்கை: ஊறுகாய் போடுவதுபோல் விழுதைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கும் முறையை எந்த வலைப்பதிவு சொன்னாலும் பின்பற்றாதீர்கள். பூசணியில் புளிப்பு மிகக் குறைவு. விழுது கெட்டியாதலால் புட்டியின் நடுவரை வெப்பம் சீராகச் செல்லாது. பாட்டுலிசம் என்னும் கொடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்க்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையும் வீட்டில் விழுதை இப்படி அடைக்கக் கூடாது என்றே அறிவுறுத்துகிறது. ஃபிரீசரில் ஐஸ் தட்டுகளில் உறையவைத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டால் சில மாதங்கள் கவலையில்லை. உருகும்போது மறுபடி நீர் விடும். இன்னொருமுறை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மீதி இருக்கும் விழுதை அரைத்து நான்கு நாட்களுக்கு மேல் ஆகியிருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். அதற்குள் என்றால், அதை எவ்வளவு வற்றவைத்தாலும் பைக்குத் தேறாது, ஆனால் ரொட்டிக்குத் தேறும். 225 கிராம் வற்றிய விழுது, 200 கிராம் மைதா, 180 கிராம் சர்க்கரை, 100 மில்லி எண்ணெய், இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி மசாலா ஆகியவற்றை மைதா மறையும்வரை மட்டும் கலந்து, 350 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் மசாலாவே சுவையைத் தாங்கிக்கொள்ளும். மிச்சத்தை வெங்காயம், பூண்டு, மிளகு சேர்த்து சூப்பாக்கிவிடுங்கள். வாசலில் செதுக்கி விளக்கேற்றிய மற்ற இரண்டு காய்களும் உரக்குழிக்குத்தான். நாள்கணக்கில் வெளியில் திறந்து கிடந்தவற்றைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம்.