ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேளுங்கள்: வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் பேச்சும் மொழியும்

வணக்கம். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளோடும் பெரியவர்களோடும் 16 வருடங்களாக ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை செய்கிறேன். கேள்விகள் நிறைய வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். யாரையும் நேரில் பார்க்காமல் சொல்வதால் இவை பொதுவான பதில்கள்தான். பரிசோதனைக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (படிப்பை முடிக்கப்போகும் மாணவி): அக்கா, இந்த வேலையில் நாள் முழுக்க என்ன செய்வீர்கள்? உச்சரிப்புப் பயிற்சிதானா?

உச்சரிப்புக்குப் போகிற நேரம் மிகக் குறைவு. பாதி வேலை கவனிப்பதுதான். ஒருவர் ‘வேண்டாம்’ என்பதை எப்படிச் சொல்கிறார்? முகத்தைத் திருப்புகிறாரா, தட்டைத் தள்ளுகிறாரா, கண்ணை மூடிக்கொள்கிறாரா? அதைக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம். அப்புறம் படப்பலகை (படங்களைத் தொட்டுக் காட்டிப் பேச உதவும் பலகை) தயாரிப்பது, வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் சொல்லிக்கொடுப்பது, சாப்பிடும்போது கூட உட்கார்ந்து விழுங்குவதைப் பார்ப்பது, காது பரிசோதனைக்கு அனுப்புவது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டு கேட்கும் திறன் குறைந்திருக்கும். அதைப் பார்க்காமலே மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன்.

படிக்கும்போதே ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணுவது. ரெட் சிண்ட்ரோம் (பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும், பேச்சையும் கை அசைவையும் பாதிக்கும் மரபணுக் குறைபாடு) உள்ளவர்களுக்கு அதுகூடப் போதாமல் போகும். கேள்வி புரிந்திருக்கும், பதிலும் தெரிந்திருக்கும். கண்ணையோ கையையோ அதற்குத் திருப்ப நேரம் பிடிக்கும். மூன்றாவது நொடியில் நாம் மறுபடி கேட்டால் அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் குரல் வரும் செயலியை டேப்லெட்டில் போடச் சொல்கிறார்கள். அது பழகிவிட்டால் வாயையே திறக்க மாட்டானோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் இல்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் நடப்பது வேறு. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, இப்படிப்பட்ட மாற்றுத் தொடர்பு முறைகளைப் பயன்படுத்தியவர்களில் சரியான கட்டுப்பாடுகளோடு கவனிக்கப்பட்ட 27 பேரின் பேச்சைப் பார்த்தது. 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கொஞ்சமாவது கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை. ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கூடியது பெரும்பாலும் சிறிய அளவில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். டேப்லெட் பேச்சைக் கொண்டுவந்துவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பேச்சு வந்தாலும் வராவிட்டாலும், வயிறு வலிக்கிறது என்று சொல்ல இன்றைக்கே அவனுக்கு ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் இது.

செயலியைப் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. நீங்களும் அதில் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். ‘போகலாம்’ என்று சொல்லும்போதே அந்தப் படத்தைத் தொடுங்கள். அவனைத் தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். பேச்சு வரும் குழந்தைகூட முதல் வார்த்தை சொல்வதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருடம் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது? இவனுக்கும் அந்தக் காலம் வேண்டும்.

செயலியோ படப்பலகையோ, அதில் பெயர்ச்சொற்களை மட்டும் நிரப்பாதீர்கள். வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், நிறுத்து, உதவி, வலி, நீ செய், என்ன அது: இவைதான் நாள் முழுக்க உதவும். ஆங்கிலப் பலகையை அப்படியே மொழிபெயர்த்தால் ஒரு சிக்கல் உண்டு. ‘நான்’ படத்தையும் ‘வேண்டும்’ படத்தையும் தொட்டால் ‘நான் வேண்டும்’ என்று குரல் வரும். தமிழில் அது ‘எனக்கு வேண்டும்’ அல்லவா? அந்த இடத்தில் ‘எனக்கு’ என்று தனிப் படம் வையுங்கள்.

வேலைக்கு வந்த புதிதில், ஒரு பையன் ஓயாமல் ‘வெளியே’ படத்தையே தொடுகிறான் என்று பலகையைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். பேசுகிற குழந்தையின் வாயை யாராவது பூட்டி வைப்பார்களா? அவன் அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. கேட்டது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ‘வெளியே போகணும்னு சொல்ற, புரியுது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்’ என்று பதில் சொல்லுங்கள். பலகையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஊதல் ஊதுவது, நாக்கை மேலும் கீழும் ஆட்டுவது போன்ற பயிற்சிகள் பேச்சைக் கொண்டுவருமா?

வராது. பேச்சு வேண்டுமென்றால் பேச்சு ஒலிகளைத்தான் பழக வேண்டும். குழந்தைக்கு ஊதுவது பிடித்திருந்தால் விளையாட்டாக ஊதட்டும்.

கேள்வி: மகள் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறாள். ‘தண்ணி வேணுமா?’ என்றால் ‘தண்ணி வேணுமா’ என்கிறாள். சில நேரம் விளம்பர வசனம். இதை நிறுத்தச் சொல்லி ஒரு பயிற்சியாளர் அதட்டினார்.

அதட்டியது தவறு. எக்கோலாலியா என்கிற இந்த எதிரொலிப் பேச்சை வெறும் கிளிப்பேச்சு என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். 1980களில் செய்த ஆய்வுகள், அது வேண்டியதைக் கேட்பதற்கும், ஆமாம் என்பதற்கும், தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வதற்கும் பயன்படுவதைக் காட்டின. ‘தண்ணி வேணுமா’ என்றால் உங்கள் மகள் வேண்டும் என்கிறாள். நீங்கள் அவள் இடத்திலிருந்து ‘தண்ணி வேணும்’ என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கேள்வியாகக் கேட்பதைக் குறைத்து, அவள் அப்படியே எடுத்துச் சொல்லக்கூடிய வாக்கியமாகப் பேசுங்கள். விளம்பர வசனம் எந்தச் சூழ்நிலையில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஒரு பொருள் பிடிபடும்.

கேள்வி (இல்லத்தில் பராமரிப்பாளர்): எங்களிடம் இருக்கும் ஒருவருக்கு 38 வயது. பேச மாட்டார். இரண்டு மாதமாகத் தலையில் அடித்துக்கொள்கிறார். ‘நடத்தைப் பிரச்சினை’ என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வயதில் ஸ்பீச் தெரபி எதற்கு?

முதலில் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள், இந்த வாரமே. காது, பல், தலைவலி, மலச்சிக்கல், கண் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்படியே கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். நடத்தையை மாற்ற என்னென்னவோ திட்டம் போட்டார்கள். கடைசியில் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுத்த பிறகு அடிப்பது நின்றது. அதன் பிறகு அவர் பலகையில் உடல் படமும் ‘வலி’ படமும் சேர்த்தோம். ஒவ்வொரு நாளும் அவருக்கு முன்னால் எங்களுக்கு வலித்த இடத்தை நாங்கள் தொட்டுக் காட்டினோம். எட்டு மாதம் கழித்து ஒருநாள் அவராகவே காதைத் தொட்டு ‘வலி’யைத் தொட்டார். அப்போது அவருக்கு 44 வயது. வயதாகிவிட்டது என்று இந்தக் கதவை யாரும் மூடக் கூடாது.

உங்கள் இல்லத்தில் ஒரு குறிப்பேடும் தொடங்குங்கள்: ‘இவர் இப்படிச் செய்தால், இந்தப் பொருளாக இருக்கலாம், நாம் இதைச் செய்ய வேண்டும்’ என்று மூன்று கட்டம் போதும். பணியாளர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில், புதிதாக வருகிறவர் அவரைப் புரிந்துகொள்ள இதைவிட வேறு வழியில்லை.

கேள்வி: மூளை முடக்குவாதம் உள்ள தம்பிக்குச் சாப்பிடும்போது அடிக்கடி இருமல். பழகிவிட்டது என்று விட்டுவிட்டோம்.

விடாதீர்கள். உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அது நுரையீரல் தொற்றில் முடியும். இருமலே இல்லாமல் உள்ளே போவதும் உண்டு. சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருவது, எடை குறைவது ஆகியவற்றையும் கவனியுங்கள். எக்ஸ்ரே வீடியோவில் விழுங்குவதைப் பார்க்கும் பரிசோதனை உண்டு. உணவின் பதத்தை 0 முதல் 7 வரை வகைப்படுத்தும் உலகளாவிய அளவுகோலும் இருக்கிறது. எந்தப் பதம் என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நீரைக் கெட்டியாக்க வேண்டாம். அதுவரை நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு வாயாக, அவசரமில்லாமல் கொடுங்கள். படுத்தபடி கொடுக்கவே கூடாது.

கேள்வி: பேசாத அண்ணனின் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள, அண்ணன் விசைப்பலகையில் நீளமான கடிதமே எழுதுகிறார். நம்பலாமா?

உங்கள் மனது எவ்வளவு பொங்கியிருக்கும் என்று புரிகிறது. அதனால்தான் தயங்காமல் சொல்கிறேன்: நம்ப வேண்டாம். 1990களில் இதைச் சோதித்தார்கள். கை பிடிப்பவருக்கு ஒரு படம், எழுதுபவருக்கு வேறு படம் காட்டினால், எழுத்தில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படம். தம்மை அறியாமலே கை பிடிப்பவர்கள்தான் எழுதுகிறார்கள். அமெரிக்கப் பேச்சு மொழி கேட்பியல் சங்கம் 2018இல் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்திருக்கிறது. கை நடுங்கினால் விசைக் கவசம் (விசைகளுக்கு மேல் பொருத்தும் துளையுள்ள தகடு), கண்பார்வையால் இயங்கும் கருவி, தலையால் அழுத்தும் சுவிட்ச் என்று யாரும் தொடாமலே சொல்ல வழிகள் உண்டு. உங்கள் அண்ணன் சொல்வது அவருடைய சொல்லாக இருக்கட்டும், ஒரே வார்த்தையானாலும்.

கேள்வி: வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. ஒன்றை விட்டுவிடச் சொல்கிறார்கள்.

விட வேண்டாம். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிலும் இரண்டு மொழி கேட்டு வளர்வதால் தாமதம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வீட்டு மொழியை எடுத்துவிட்டால் பாட்டியிடம் பேச முடியாது.

கேள்வி: எனக்கு 26 வயது. டவுன் சிண்ட்ரோம். நான் பேசுவது வேலை இடத்தில் புரியவில்லை. நான் தெரபிக்கு வரலாமா? (தங்கை தட்டச்சு செய்தாள், கேள்வி என்னுடையது.)

கண்டிப்பாக வரலாம். நீங்களே கேட்டது எனக்கு மிகவும் சந்தோஷம்.

முதலில் காதைச் சோதியுங்கள். பேசும்போது மெதுவாகப் பேசுங்கள். நீளமாகச் சொல்லாமல் சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். நடுவில் மூச்சு எடுங்கள். ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அதையே சத்தமாகச் சொல்ல வேண்டாம். வேறு வார்த்தையில் சொல்லுங்கள், அல்லது போனில் எழுதிக் காட்டுங்கள். ‘எனக்கு நேரம் கொடுங்கள்’ என்று அவர்களிடம் சொல்லலாம். அது உங்கள் உரிமை. காத்திருப்பது அவர்கள் வேலை.

முதல் நாள் தெரபிக்குப் போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். வேலை இடத்தில் நீங்கள் அடிக்கடி சொல்லும் ஐந்து விஷயங்களை அதில் எழுதுங்கள். எதை முதலில் பழக வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், தெரபிஸ்ட் அதிலிருந்து தொடங்கட்டும்.