கசாண்ட்ரா டேட்டாபேஸில் டிலீட் செய்த வாடிக்கையாளர் பதிவுகள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருகின்றனவே, ஏன்?

ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 3 (ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதி), எழுதுவதும் படிப்பதும் கோரம் (மூன்றில் இரண்டு பிரதி பதில் தந்தால் போதும்), நடுவில் ஒரு நோடு, அதாவது பிரதி வைத்திருக்கும் சர்வர், அரை நாள் படுத்திருந்தது, அதற்குப் பின் ரிப்பேர் (பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்வது) ஓட்டவில்லை. உங்கள் நிலைமை இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கசாண்ட்ராவில் டிலீட்டும் ஒரு ரைட்தான். பழைய வரி அங்கேயே கிடக்கும். அதை மறைக்க டூம்ஸ்டோன் என்ற நீக்கக் குறி ஒன்று எழுதப்படும். ஏ, பி, சி நோடுகளில் சி படுத்திருக்கும்போது டிலீட் செய்தால், ஏ, பி இரண்டிலும் டூம்ஸ்டோன் விழுந்து கோரம் நிறைவேறிவிடும். சி-க்குச் சேர வேண்டியதை கோஆர்டினேட்டர் (அந்தக் கோரிக்கையைக் கையாளும் நோடு) ஹின்ட்டாக, பின்னர் அனுப்பும் குறிப்பாக, எடுத்து வைக்கும். ஆனால் டிஃபால்ட்டாக 3 மணி நேரத்துக்குத்தான். அதன்பின் நடந்த டிலீட் சி-க்குத் தெரியவே தெரியாது.

அடுத்து ஜிசி கிரேஸ் செகண்ட்ஸ், டூம்ஸ்டோனை அழிக்காமல் வைத்திருக்கும் காலம்: டிஃபால்ட்டாக 8,64,000 விநாடி, அதாவது 10 நாள். அது கடந்தபின் ஏ, பி-யில் காம்பாக்ஷன் (டேட்டா ஃபைல்களை ஒன்றிணைத்துச் சுத்தம் செய்வது) நடக்கும்போது பழைய வரியோடு டூம்ஸ்டோனும் போய்விடும். இப்போது ஏ-யில் ஒன்றுமில்லை, சி-யில் பழைய வரி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கசாண்ட்ரா இதை ஏ-க்கு வந்து சேராத வரி என்றே எடுத்துக்கொண்டு அங்கேயும் எழுதிவிடும். "கோரம் போட்டிருக்கிறோமே" என்று சிலர் வருவார்கள். எழுத 2, படிக்க 2, இரண்டையும் கூட்டினால் மூன்று பிரதியைவிடப் பெரியதுதான்; ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க டூம்ஸ்டோனே இல்லாதபோது அந்தக் கணக்கு எப்படி உதவும்?

எல்லா நோடுகளும் மேலே இருக்கும்போது, அந்தப் பதிவுகளை கன்சிஸ்டென்சி லெவல் ஆல் (எல்லாப் பிரதிகளும் பதில் தர வேண்டும்) வைத்து மறுபடி டிலீட் செய்யுங்கள். பிறகு நோட்டூல் ரிப்பேர் கமாண்டை ஃபுல் (-full), பிஆர் (-pr) ஆப்ஷன்களோடு ஒவ்வொரு நோடிலும் ஓட்டுங்கள். பிஆர் அந்த நோடின் முதன்மை ரேஞ்சை மட்டும் பார்க்கும்; ஒரு நோடை விட்டாலும் அந்தப் பகுதி விட்டுப்போகும். வாரம் ஒருமுறை என்று ஷெட்யூல் செய்தால், ஒரு ரன் பாதியில் நின்றாலும் 10 நாளுக்குள் திரும்ப ஓட்ட அவகாசம் இருக்கும். 10 நாளுக்கு மேல் படுத்திருந்த நோடை அப்படியே எழுப்பாதீர்கள். டேட்டாவைத் துடைத்துவிட்டு ரீப்ளேஸ்மென்ட் நோடாகச் சேர்த்துவிடுங்கள்.

டூம்ஸ்டோன் அதிகம் என்று வார்னிங் வந்தால் ஜிசி கிரேஸை 0 ஆக்கச் சொல்லும் அறிவுரை இணையம் முழுக்கக் கிடக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. ஒருமுறை எழுதி, டிடிஎல்-லில் (எழுதும்போதே குறிக்கும் ஆயுட்காலம்) மட்டுமே காலாவதியாகும் டேபிளுக்கு அது சரி, மறுக்கவில்லை. வாடிக்கையாளர் தன் விவரத்தை நீக்கச் சொல்லும் டேபிளில் அதைச் செய்தால், சில நிமிடம் படுத்து எழுந்த நோடுகூட நீக்கியதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

டிலீட் செய்த உடனேயே பதிவு திரும்பத் தெரிந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். டைம்ஸ்டாம்ப் பெரியதே ஜெயிக்கும். பெரும்பாலான டிரைவர்களில் அது உங்கள் ஆப் சர்வரிலிருந்து போகிறது. எழுதிய சர்வரின் கடிகாரம் 5 விநாடி முந்தி ஓடினால், அந்த 5 விநாடிக்குள் வேறு சர்வரிலிருந்து வரும் டிலீட் தோற்றுவிடும். நோடுகளில் மட்டுமல்ல, ஆப் சர்வர்களிலும் குரோனி (கடிகாரத்தைச் சரியாக வைக்கும் புரோகிராம்) ஓட வேண்டும்.