மௌனத்திற்கு மறுநாள்

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு நெதர்லாந்தில் வசிக்கிறாள். மே 4 இரவு ஊரே அசையாமல் நின்று போரில் மாண்டவர்களுக்காக மௌனம் காக்கிறதாம். விடிந்தால் தெருவெங்கும் பாட்டும் விருந்துமாக இருக்கிறதாம். இழவும் விழாவும் இப்படி அடுத்தடுத்து வருவது தகுமா? போரையே பார்க்காத என் பேரப்பிள்ளைகளுக்கு இதில் என்ன பங்கு?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தகும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன், அம்மா. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த அந்நாட்டின் மேற்குப் பகுதி மக்கள் துலிப் கிழங்குகளைத் தின்று உயிர் பிழைத்தார்கள்; ஏறத்தாழ 20,000 பேர் பட்டினிக்குப் பலியானார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் விடுதலை நாளான மே 5 அன்று அண்டை வீட்டார் தெருவில் நீண்ட மேசை போட்டு ஒன்றாக உண்பதை வெறும் கேளிக்கையாக எண்ண என்னால் முடியவில்லை. அதற்கு முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். நள்ளிரவில் வாகனிங்கன் நகரில் ஏற்றப்படும் விடுதலைச் சுடரை ஓட்டக்காரர்கள் ஏந்திப் பல ஊர்களுக்கும் கொண்டு சேர்க்கிறார்கள். துக்கத்தை முழுமையாக அனுசரித்த பிறகே மகிழ்ச்சிக்கு இடம் தரும் இந்த வரிசையில் ஆழ்ந்த பண்பு இருக்கிறது.

பேரப்பிள்ளைகளின் பங்கைப் பற்றிக் கேட்டீர்கள். மாஸ்ட்ரிக்ட் நகருக்கு அருகே மார்கிராட்டன் என்னும் சிற்றூரில் 8,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களின் கல்லறைகள் உள்ளன. 1945 முதல் அப்பகுதிக் குடும்பங்கள் ஆளுக்கொரு கல்லறையைத் தத்தெடுத்து, வீரரின் பிறந்த நாளிலோ இறந்த நாளிலோ மலர் வைத்து, கடல் கடந்து வாழும் அவருடைய உறவினரைக் கண்டறிந்து கடிதம் எழுதிவருகின்றன. பாட்டி செய்த கடமை தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் கைமாறுகிறது. முன்பின் அறியாத இரு குடும்பங்கள் ஒரு கல்லறையின் பொருட்டு மூன்று தலைமுறையாகச் சொந்தம்போல் பழகுகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது. ஹோல்டன் என்னுமிடத்திலுள்ள கனடிய வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். குழந்தையின் கையில் ஒரு வேலையையும் ஒரு பெயரையும் ஒப்படைப்பதால் நேரும் இந்த நெருக்கத்தை மேடைப் பேச்சு எதுவும் உண்டாக்கிவிடாது.

இந்த ஒற்றுமை தானாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாஜிகளால் கொல்லப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெதர்லாந்து யூதர்களுக்குப் பொது நினைவில் உரிய இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. கல்லறையே இல்லாமல் போன அவர்களுடைய பெயர்களும், அவர்களைப் போலவே கொல்லப்பட்ட சிந்தி, ரோமா என்னும் ஐரோப்பியச் சிறுபான்மை இன மக்களின் பெயர்களும், செங்கல்லுக்கு ஒன்றாகப் பொறிக்கப்பட்ட சுவர்கள் ஆம்ஸ்டர்டாமில் எழுந்தது 2021இல்தான். பிறந்த தேதியும் இறந்த வயதும் அந்தச் செங்கற்களில் இருக்கின்றன. தன் வயதையொத்த பிள்ளையின் பெயரை அங்கே படிக்கும் சிறுவனுக்குப் போர் என்பது பாடநூலில் வரும் தொலைதூரச் செய்தியாக இராது.

மார்கிராட்டனில் எல்லாக் கல்லறைகளும் ஏற்கெனவே தத்தெடுக்கப்பட்டுவிட்டன. புதிதாகக் கேட்பவர்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை, வரும் மே 4 மாலை தங்கள் ஊர் நினைவுச் சின்னத்தருகே பேரப்பிள்ளைகளும் அண்டை வீட்டாரோடு நிற்கலாம். மறுநாள் தெருவிருந்துக்கு உங்கள் மகள் ஒரு பாத்திரம் சாம்பார் சாதம் கொண்டுபோகட்டும்.